தேயிலைச் சாயத்தில் ஊறிய கேக்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில், கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தார் நெருங்குகிறது என்பதை அறிய நாட்காட்டி தேவையில்லை. டிசம்பர் பிறந்ததும் மஜீட் நானாவின் பேக்கரி வாசலில் அடுக்கப்படும் தகரத் தட்டுகளைப் பார்த்தாலே போதும். வீட்டில் கலந்த கேக் கலவையைத் தட்டில் ஊற்றி, அவருடைய விறகு அடுப்பான போறணையில் வேகவைத்து வாங்குவது அந்த வட்டாரத்துப் பெண்களின் வழக்கம். காலை ரொட்டியான பாண் வெந்து முடிந்த பின் போறணையில் எஞ்சியிருக்கும் மெல்லிய சூடுதான் நத்தார் கேக்குக்கு உகந்தது என்பார்கள். எந்தத் தட்டு எந்த வீட்டுடையது என்பதற்கு, கோதுமை மாப் பசையால் விளிம்பில் ஒட்டிய பெயர்த் துண்டு ஒன்றே சாட்சி.

அந்தச் சனிக்கிழமை யோசெப்பின் இரண்டு தட்டுகளைக் கொடுத்திருந்தார். ஒன்று அவருடையது. மற்றையது மேல்மாடியில் குடியிருக்கும் நிலூஷாவுடையது. நிலூஷா, யோசெப்பினுடைய கணவர் ஒஸ்வால்டின் தம்பி மனைவி. இரண்டு தட்டுகளும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. வேற்றுமை காண முடியாதவை.

தட்டுகளில் இல்லாத வேற்றுமையை யோசெப்பின் மற்ற எல்லாவற்றிலும் கண்டார். நிலூஷா மருமகளாக அந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள். அன்று முதல் யோசெப்பினின் நெஞ்சுக்குள் ஒரு தராசு ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. மேல்மாடித் திரைச்சீலையின் நிறம், அங்கு கொதிக்கும் மீன்குழம்பின் மணம், நிலூஷா தொலைபேசியில் ஆங்கிலம் பேசும் இலாகவம், கோயிலில் அவர் வாசகம் வாசிக்கும் குரல் என எதை வைத்து நிறுத்தாலும் மேல்வீட்டுப் பக்கமே கனத்தது. நிலூஷா இதற்கு ஒரு பாவமும் அறியாதவர். "அக்கா, அக்கா" என்று வாய் நிறைய அழைப்பவர். அதுவும் யோசெப்பினுக்கு ஒரு குறையாகவே பட்டது. தம்மால் அப்படி மனம் திறந்து அழைக்க முடியவில்லையே என்று.

கேக் விடயத்தில் அந்தத் தராசு இன்னும் கொடியது. நிலூஷாவின் பிளம்ஸும் செறியும் ஒரு மாதம் பிராந்தியில் ஊறும். யோசெப்பினுடையவை தேயிலைச் சாயத்தில் ஊறும். அதற்குக் காரணம் உண்டு. எட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் ஒஸ்வால்ட் குடியை விட்டார். அந்த நத்தாருக்கு யோசெப்பின் கடுஞ்சாயம் காய்ச்சி, இஞ்சியும் தோடம்பழச் சாறும் கலந்து, அதில் பிளம்ஸை ஊறவைத்தார். அன்று முதல் அவர்களுடைய கீழ்வீட்டுக்குள் ஒரு துளி பிராந்தியும் வரவில்லை. ஆயினும், இது யாருக்கும் தெரியக்கூடாத ஏழைக் கேக் என்றே அவர் எண்ணி வந்தார்.

அப்படியிருக்க, இந்த ஆண்டு சோதனையாக வந்தது சீட்டுக் குலுக்கல். கோயிலின் பங்கு மண்டபத்தில் நடைபெறும் நத்தார் ஒளிவிழாவில் ஃபாதர் வெட்டும் கேக்கை ஆண்டுதோறும் ஒரு வீடு கொடுக்க வேண்டும். கேக்குக்கு முன்னால் அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் எழுதிய அட்டை நிற்கும். குலுக்கிய சீட்டில் யோசெப்பினின் பெயர் விழுந்தது. முந்நூறு பேர் கூடும் சபையில் தேயிலைக் கேக்கா? அவர் நிலூஷாவிடம் அவருடைய கேக்கைக் கேட்டார். "அதுக்கென்ன அக்கா, எடுங்களேன்" என்று நிலூஷாவும் சொல்லிவிட்டார்.

மனைவியை 'யோசி' என்று சுருக்கி அழைக்கும் ஒஸ்வால்டுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"உன்ட பேர் எழுதின அட்டைக்குப் பின்னால அவவுட கேக்கா?"

"சபையில மானம் போறதவிட அது நல்லம்."

"எந்த மானம் யோசி? நான் எட்டு வருஷமாத் தின்னுற கேக்குக்கு மானம் இல்லையா?"

யோசெப்பின் பையை எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் புறப்பட்டார்.

மஜீட் நானா இரண்டு தட்டுகளையும் துணியால் மூடி நீட்டினார். "தங்கச்சி, ரெண்டும் நல்லா வந்தீக்கிது. மாஷா அல்லாஹ், ஒண்டுக்கொண்டு சளைச்சதில்ல."

"ஒங்களுக்கு எல்லாம் நல்லம்தான் நானா" என்றார் யோசெப்பின். பெயர்த் துண்டுகளின் பசை இன்னும் ஈரமாக இருந்ததை அவர் கண்டார். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வீட்டு மேசையில் தட்டுகள் அமர்ந்தன. நிலூஷாவின் பெயர் ஒட்டிய தட்டில் கேக் கருமையாக, சமமாக, பளபளப்பாக இருந்தது. யோசெப்பினின் பெயர் ஒட்டியதன் நடுவில் ஒரு சிறு பள்ளம். இரண்டிலும் ஓரத் துண்டு வெட்டினார். நிலூஷாவின் பெயருள்ள தட்டில் வெட்டியதை வாயில் வைத்துக் கண்களை மூடினார்.

"பாருங்க, பிராந்தி எப்பிடி மணக்குது. வாயில வெச்ச உடனே மூக்குக்கு ஏறுது. இதுதான் கேக். எங்கட என்னத்துக்கு ஆகும்?"

ஒஸ்வால்ட் மனைவியின் பெயருள்ள தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டார். உடனே குசினித் தொட்டிக்கு விரைந்து, துப்பி, மூன்று முறை வாய் கொப்பளித்தார். திரும்பியபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"யோசி, இதில பிராந்தி இருக்கு."

"என்ன விசர்க் கதை? அது என்ட கேக்."

"எட்டு வருஷமா நான் தொடாத சாமான். இந்தப் பாடத்தில நான் எவ்வளவு படிச்சவன் எண்டு உனக்குத் தெரியாதா?" சிரிக்க முயன்றார். மற்றத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். முகர்ந்தார். மென்றார். முகத்தில் மெல்ல நிறம் திரும்பியது. "இதுதான் எங்கட. சாயம், இஞ்சி, தோடம்பழம். பேர்த் துண்டு மாறிப்போச்சு."

யோசெப்பின் உடனே பேக்கரிக்கு அழைத்தார். "ஓம் தங்கச்சி," என்றார் மஜீட் நானா வருத்தத்துடன், "சூட்டுல ரெண்டு பேர்த் துண்டும் கழண்டு விழுந்தீக்கிது. நான்தான் திரும்ப ஒட்டின. மாறிட்டா? மன்னிச்சுக்கோங்க."

"ஆனா எனக்குப் பிராந்தி மணந்ததே!" என்றார் யோசெப்பின், தொலைபேசியைக் கீழே வைத்தபடி.

"உனக்கு மணந்தது பிராந்தி இல்ல" என்றார் ஒஸ்வால்ட். "அந்தத் தட்டில ஒட்டியிருந்த பேர்."

யோசெப்பினுக்கு முதலில் வந்தது வெட்கமன்று, மகிழ்ச்சி. பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாகத் தராசு கீழ்வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது! பள்ளம் விழுந்திருந்த நிலூஷாவின் தட்டை ஏந்திக்கொண்டு, சொல்ல வேண்டிய வசனத்தையும் ஆயத்தம் செய்துகொண்டு அவர் படியேறினார். 'உன்ட கேக்குக்கு நடுவில பள்ளம் நிலூஷா. என்டயத்தான் நான் உன்ட எண்டு நினைச்சுப் புகழ்ந்தனான்.'

பாதிப் படியில் கால்கள் தாமாக நின்றன.

அதே தராசு. தட்டுகள்தான் மாறியிருந்தன. நாளை நிலூஷா வேறொன்றை நன்றாகச் செய்வார். அது திரும்பவும் மறுபக்கம் சாயும். சற்று முன் வாயில் வைத்த துண்டின் உண்மையான சுவை என்ன என்று நினைவுகூர முயன்றார்; முடியவில்லை. அவர் கேக்கை உண்ணவே இல்லை. இத்தனை நத்தார்களாக வித்தியாசத்தை மட்டுமே உண்டு வந்திருக்கிறார்.

கணவர் வாய் கொப்பளித்த சத்தம் காதில் வந்து நின்றது. இந்த எட்டு நத்தாரிலும் அந்த மனிதர் எந்த அச்சமுமின்றிக் கை நீட்டிய ஒரே கேக், தேயிலைச் சாயத்தில் ஊறிய அந்தக் கேக்தான். பிராந்தி வாங்க வழியின்றிச் செய்ததன்று. வேண்டாம் என்று தீர்மானித்து, அளவு தேடி, இரண்டு முறை பிழைத்து, மூன்றாம் முறை கைவந்த பக்குவம். அதைப் போய் ஏழைக் கேக் என்று ஒளித்து வைத்திருந்தோமே என்று நினைத்தபோது, யோசெப்பினின் முதுகு தானாக நிமிர்ந்தது.

கதவைத் திறந்த நிலூஷாவிடம் தட்டை நீட்டினார். "பேர்த் துண்டு மாறிப்போச்சு. இது உன்ட."

"ஒளிவிழாவுக்கு இதத்தானே கேட்டீங்க அக்கா?"

"இல்ல நிலூஷா. நான் என்டயக் கொண்டுபோறன்."

"அப்பாடா!" என்று நிலூஷா நெஞ்சில் கை வைத்தார். "உங்களுக்குக் குடுத்திட்டு ஆஃபிசுக்கு எதக் கொண்டுபோறது எண்டு ரெண்டு நாளா மண்டை காய்ஞ்சனான். நடுவில பள்ளம் வேற விழுந்திருக்கு, பாருங்க."

"விழுந்தா என்ன? ஒரு துண்டு வெட்டித் தா, சாப்பிட்டுப் பாக்க" என்றார் யோசெப்பின்.

நிலூஷா வெட்டிக் கொடுத்தார். ஏலக்காய் சற்றுத் தூக்கல். கஜுப் பருப்பு பற்களில் நன்றாக அரைபட்டது. பிராந்தி உண்மையாகவே மூக்குக்கு ஏறியது. சுவையான கேக். யோசெப்பின் விரல்களில் ஒட்டியிருந்த துகளையும் விடாமல் உண்டார்.

மறுநாள் மாலை பங்கு மண்டபத்தில், ஒளிவிழாச் செயலாளர் சுபோதினி பெயர் அட்டையையும் பேனாவையும் நீட்டினார். யோசெப்பின் தம் பெயரை எழுதினார். சற்றுத் தயங்கினார். பிறகு அதற்குக் கீழே, முன்வரிசையிலிருந்தே வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில், 'தேயிலைச் சாயத்தில் ஊறியது' என்று எழுதி, அட்டையைக் கேக்குக்கு முன்னால் நேராக நிறுத்தினார்.

சுபோதினி வியப்புடன் குனிந்து வாசித்தார். "பிராந்தியே இல்லையா அன்ரி? அப்ப இது எப்பிடி நாள்பட நிக்கும்?"

யோசெப்பின் மண்டபத்தைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை அணிந்து, முன்வரிசையில், தட்டை மடியில் வைத்தபடி ஒஸ்வால்ட் எல்லோருக்கும் முன்பாகக் காத்திருந்தார்.

"எட்டு வருஷமா நிக்குது மகள்" என்றார் யோசெப்பின்.