முதுகுக்குப் பின்னால் ஒரு கை

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, கூலிக்கு வந்தது. பதினான்கு வருடம் பந்தய சைக்கிள் ஓட்டி, ஒன்பது வருடமாக அணி மேனேஜராக இருப்பவர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதித் தரச் சொன்னார். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். படிக்க வைத்தவன் அண்ணன். அவன் பந்தயங்களில் இவருக்குப் பின்னால் ஓட்டியவன். ஒரு மலை இறக்கத்தில் விழுந்து செத்தவன்.

"உங்கண்ணன் சாவுக்கு, பிரேக் அறுந்துபோச்சுன்னு ஒரு வரி போதும்மா," என்றார் மேனேஜர்.

அந்த ஒரு வரிக்காகத்தான் என்னைத் தேடிப் பிடித்திருக்கிறார். தங்கையே எழுதிவிட்டால் யார் வாய் திறப்பார்கள்?

2.

தொடக்கம்: "மலை அமைதியாக இருந்தது." (பொய். அங்கே காற்று பேயாய் அடிக்கும். வரியை அடித்துவிட்டேன்.)

இன்னொன்று: "பன்னிரண்டு வயதில் தன் முதல் சைக்கிளை அவர்..." (யாருக்கு வேண்டும்?)

3.

இறக்கத்தில் பின்னால் வருபவனுக்குப் பாதை தெரியாது. முன்னால் போகிறவரின் சக்கரமும் முதுகும்தான் தெரியும். அதனால் முன்னவர் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து காட்டுவார். விரல் நீண்டால் அந்தப் பக்கம் பள்ளம். விரல்களை உதறினால் சரளைக்கல். உள்ளங்கை விரிந்தால் வழி சுத்தம், வா. பின்னவன் யோசிக்கமாட்டான், நம்புவான்.

(அண்ணன் விழுந்த வளைவில் சரளை கிடந்தது. விபத்து அறிக்கையில் பிரேக் என்று எழுதினார்கள். அந்தச் சைக்கிளை எங்கள் கண்ணில் காட்டவேயில்லை.)

4.

அதே மலையில் இந்த வருடப் பந்தயம். மேனேஜர் என்னை அணியின் காரில் ஏற்றிக்கொண்டார். காரை ஓட்டியபடியே ரேடியோவில் ஏழு ஓட்டிகளுக்கும் வழி சொன்னார். பின் இருக்கையில் நானும், மடியில் உதிரிச் சக்கரத்தோடு மெக்கானிக்கும்.

"படிச்ச பொண்ணு, வாந்தி வந்தா உன் நோட்டுலயே எடு. சக்கரம் நாறிடும்," என்றார் மெக்கானிக்.

"உங்க மூஞ்சியப் பாத்தே வரல, இறக்கத்துலயா வரப்போகுது?"

இறக்கம் தொடங்கியது. மேனேஜரின் கை ஒன்று ஸ்டியரிங்கை விட்டு இருக்கைக்குப் பின்னால் வந்தது. ஒரு விரல் நீண்டது. அந்தப் பக்கம் பள்ளம் ஒன்று கடந்துபோனது.

ரேடியோ கரகரத்தது. "பாத்துட்டேண்ணா."

"யாரு அது?" என்றேன்.

மெக்கானிக் இப்போது சிரிக்கவில்லை. "ஏழு பேர்ல யாருமில்ல. இந்த மலையில மட்டும் வரும். கேக்காத மாதிரி இரு."

(இந்தக் குரலை மூன்று வரைவுகளில் நீக்கிப் பார்த்தேன். சோற்றுத் தட்டின் முன்னால் இருபது வருடம் கேட்ட குரலை எனக்குத் தெரியாதா?)

5.

அந்த வளைவு வந்தது. கை பின்னால் வந்தது. விரியவுமில்லை, உதறவுமில்லை. அந்தரத்தில் அப்படியே நின்றது.

மேனேஜர் ரேடியோவில் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அன்னிக்கு நான் என்னடா காட்டினேன்? பத்து வருஷமா யோசிக்கிறேன், ஞாபகம் வரல. பாத்தவன் நீ மட்டும்தானே?"

ஏழு ஓட்டிகளில் ஒருவர்கூட "என்ன சார்?" என்று கேட்கவில்லை.

ரேடியோ மறுபடி கரகரத்தது. "அண்ணா, நீங்க..."

6.

முடிவு ஒன்று: "கைய விரிச்சீங்க." பத்து வருடக் கோபத்துக்கு அது தீனி.

முடிவு இரண்டு: "உதறித்தான் காட்டினீங்க. நான்தான் பிரேக் பிடிக்கல." அப்படியென்றால் நான் யாரை வெறுப்பது?

இரண்டுமே நான் கட்டியது. நடந்தது இதுதான்: இருக்கைகளுக்கு நடுவே பாய்ந்து ரேடியோவை அணைத்தேன்.

"ஏய்! ஏழு பேர் இறங்கிட்டிருக்காங்க!" என்று மெக்கானிக் கத்தினார். மேனேஜர் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. நிம்மதியா என்று நீங்கள் கேட்கலாம். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. நான் பின்னால் இருந்தேன்.

ஏழு பேரும் பத்திரமாக இறங்கினார்கள். அது என் புண்ணியமல்ல.

பிரேக் வரியை நான் எழுதவில்லை. அந்த இடத்தில் வேறெந்த வரியையும் எழுதவில்லை. அந்தப் பக்கம் காலியாகவே அச்சுக்குப் போகிறது. அடுத்த வருடமும் பந்தயம் அந்த மலையில்தான். உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் போய் அந்த வளைவில் நின்று கேட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் சொல்லி முடிப்பான்.

எனக்கு மட்டும் வந்து சொல்லாதீர்கள்.