கோள் சொன்ன ரத்தம்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை, அணுபுரத்தை ஒட்டிய ஊரில் சம்பூர்ணத்தின் மாட்டுக் கொட்டகைக்குள் கால் வைத்த வினிதாவுக்கு மயக்கம் வராத குறைதான். எட்டுக் கன்றுக்குட்டிகளும் குளித்து முடித்து, நெற்றியில் குங்குமத்தோடு, கழுத்தில் புத்தம்புது மஞ்சள் கயிற்றோடு நின்றன. எட்டும் மஞ்சள்.

"அக்கா, நான் கட்டின கயிறுங்க எங்க?"

"பொங்கலுக்குப் பழைய கயிற யாராச்சும் வுட்டு வெப்பாங்களா? அல்லாத்தையும் அவுத்து ஏரில கடாசிட்டேன்."

வினிதா கால்நடை மருத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். இந்த எட்டுக் கன்றுகளின் குடலிலும் புழு இருந்தது. ஒரு மாதத்துக்கு முன் நாலுக்கு மட்டும் மருந்து கொடுத்துச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தாள். மீதி நாலுக்கு நீலம். அவற்றுக்கு இன்றுதான் மருந்து. புழு புகுந்தால் இயோசினோஃபில் என்கிற வெள்ளணுக்கள் ரத்தத்தில் திரண்டு வரும், புழு ஒழிந்தால் அடங்கும். அது நடந்திருக்கிறதா என்று இன்று பார்க்க வேண்டும். காதில் எண் தகடு அடிக்கத்தான் முதலில் கேட்டாள். "பச்சப் புள்ளைக்குக் காதுல ஓட்டையா?" என்று சம்பூர்ணம் விளக்குமாற்றைத் தூக்கியதால் விஷயம் கயிற்றோடு நின்றது. கன்றுகளின் அடையாளத்தையாவது நோட்டில் குறித்தாளா? கயிறுதான் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். படித்த திமிர், வேறென்ன!

போனில் அவளுடைய வழிகாட்டி ஜெபகுமார் இரண்டே வரியில் முடித்தார். "எது எந்தக் குழுன்னு தெரியலைன்னா எல்லாம் வேஸ்ட்மா. அடுத்த வருஷம் புதுசா ஆரம்பி."

ரத்தத்தைப் பார்த்தே சிவப்பு, நீலம் என்று பிரித்துவிடலாமே என்று மனசு ஒரு கணம் குறுக்கு வழி காட்டியது. விடையை வைத்துக்கொண்டு கேள்வி தயாரிக்கிற வேலை அது. வெட்கமாகப் போயிற்று அவளுக்கு.

"இன்னாத்துக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு கீற?" என்றாள் சம்பூர்ணம். "எது இன்னா கலருன்னு நான் சொல்றேன். வளத்தவளுக்குத் தெரியாதா?"

அப்படியே ஏற்பாடாயிற்று. வினிதா ஒன்று முதல் எட்டு வரை எண் போட்டு ரத்தம் எடுத்தாள். எண்ணி முடிக்கும்வரை வினிதாவுக்குத் தெரியக் கூடாதென்று, சம்பூர்ணம் காதோடு காதாகச் சொன்ன நிறங்களை அவள் புருஷன் காத்தவராயன் காலண்டர் தாளில் எழுதி, மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுப்படி மேடையில் மைக்ராஸ்கோப் ஏறியது. கன்றுக்கு நூறு வெள்ளணு எண்ண வேண்டும். சாயம் ஏறிய ரத்தத்தில், உடம்பெல்லாம் ரோஸ் பொட்டு அப்பிக்கொண்டு நின்றன இயோசினோஃபில்கள். முதல் கன்றுக்கு இரண்டு. அடுத்ததற்குப் பதினாறு! வினிதா உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினாள்.

எண்ணி முடித்ததும் காத்தவராயன் தாளைப் பிரித்தார். "ஒன்னு, செவப்பு!"

"கம்மி!" என்றாள் வினிதா.

"ரெண்டு, நீலம்!"

"அதிகம்!"

நாலாவதுக்குள் காத்தவராயனின் குரல் கபடிப் போட்டி மைக்குக்குப் போய்விட்டது. ஏழும் பொருந்தின.

"எட்டு, நீலம்!"

நோட்டில் மூன்று என்று இருந்தது. ஒன்று தப்பினால் மற்ற ஏழை எப்படி நம்புவது?

"அக்கா, எட்டாவதுல தப்பிட்டீங்க."

"நான் இன்னாத்துக்குத் தப்புறேன்? அது நம்ம பவுனுக்குட்டி. சத்தியமா நீலந்தான்."

"புழு இருந்தா ரத்தத்துல தெரியணுமே. மூணுதானே இருக்கு!"

சம்பூர்ணம் சேலைத் தலைப்பைத் திருகினாள். காத்தவராயன் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"அது தாயில்லாத புள்ள டாக்டரம்மா. அன்னிக்கு நீ போனப்பொறம் பாட்டில்ல கொஞ்சம் மருந்து மிச்சம் இருந்திச்சு..."

"குடுத்துட்டீங்களா?"

"ஊத்திட்டேன். யாருக்கும் தெரியாதுன்னுதான் நெனச்சேன். இந்த ரத்தம் இப்பிடிக் கோள் சொல்லிகினு கீதே!"

கோபம் வரவேண்டிய இடம்தான். வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் வினிதா. அக்காவின் கண்ணும் தப்பவில்லை, ரத்தமும் தப்பவில்லை. மறைத்து வைத்த மருந்தைக்கூட அது காட்டிக்கொடுத்துவிட்டது. எட்டாம் கன்றை நீக்கிவிட்டு, நடந்ததை நடந்தபடி நோட்டில் எழுதினாள். ஏழு கன்றோடு ஆராய்ச்சி பிழைத்தது. அந்தச் சந்தோஷத்தில் சம்பூர்ணத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

சம்பூர்ணம் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அந்த மூணு நீலமும் இன்னும் புழுவோடதான் நின்னுகினு கீதா?"

"ஆமாக்கா."

"மருந்த எடு மொதல்ல. அப்பால சிரிக்கலாம்."