பாயசத்தில் விழுந்த ஆண்

ஆய்வுக்கூடத்தில் மின்விசிறியைப் போட்டது மாதங்கிதான். ஒரு நிமிடம்தானே, வேர்வையாவது அடங்கட்டும் என்று போட்டாள். அந்த ஒரு நிமிடத்தில், ஈரம் ஒற்றி ஊசிமுனையில் ஏந்தியிருந்த பூச்சியின் வால்நுனி பறந்துபோனது. எள்ளில் பாதிகூட இருக்காது. கொல்கத்தா அலிப்பூரில், அந்த விலங்கியல் ஆய்வு அலுவலகத்தில் நாலு பேர் தரையில் தவழ்ந்து தேடியும் கிடைக்கவில்லை.

அது ஒரு தத்துப்பூச்சி. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு. பின்னங்காலில் அசைகிற முள் குடும்பத்தைச் சொல்லிவிடும். பேரினத்தைச் சொல்வது ஆணின் வால்நுனிக்குள் இருக்கும் கொக்கிகள். அந்த வகையறாவில் கொக்கி இரண்டுதான். இவளுடையதில் மூன்று! இதுவரை யாருமே பெயர் வைக்காத பேரினம் என்று மூன்று நாள் கால் தரையில் பாவாமல் திரிந்தாள் பாவம்.

"படம் வரைஞ்சு வெச்சிருக்கேன் சார்," என்றாள், மேலதிகாரி ஜம்புநாதனிடம்.

"படத்தை யாரும்மா நம்புவா? பொருள் எங்கேன்னு கேப்பா. இன்னொரு ஆணைக் கொண்டா, பேர் வெக்கலாம்."

எங்கே போவாள்? அது கிடைத்த டாக்குரியா ரயில் பாதையோரப் புல்லை, பூஜைக்கு ஊரைச் சுத்தம் செய்தவர்கள் மொட்டை அடித்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது விளக்கு. காளி பூஜை சமயத்தில் ஷ்யாமா போகா என்கிற பச்சைப் பூச்சிகள் கொல்கத்தா விளக்குகளை மொய்க்கும். அந்தக் கூட்டத்தோடு இவளுடையதும் வரலாம். லேக் கார்டன்ஸில் தன் குடியிருப்பின் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைத் திரைபோல் கட்டி, பல்பைப் போட்டாள். குடியிருப்புச் செயலாளர் வைத்தீஸ்வரன் முதல் நாளே பல்பைக் கழற்றிக்கொண்டு போனார்.

காளி பூஜை அன்று சாயங்காலம், பால் பாயசத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள். லஞ்சம்தான், வேறென்ன.

பால்கனியில் உட்கார்ந்திருந்தவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கொள்கையை விடவில்லை.

"பூச்சியை விரட்டத்தான் செயலாளர். வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கச் சொல்றியே!"

சொல்லி வாய் மூடவில்லை, தலைக்கு மேலிருந்த குழல் விளக்கிலிருந்து ஏதோ நேராகப் பாயசத்தில் விழுந்தது.

"பாத்தியா! இதுக்குத்தான் அடிச்சுக்கறேன்!" என்று ஸ்பூனால் அள்ளி, வெளியே வீசக் கையை ஓங்கினார்.

"மாமா, அசையாதேங்கோ!"

போட்ட சத்தத்தில் மனிதர் ஓங்கிய கையோடு உறைந்துவிட்டார். மாதங்கி கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கியைப் பிடித்தாள். பழுப்பு. நெற்றியில் வெள்ளைக் கோடு. காலில் முள். பெண்ணாக இருந்துவிடாதே, என் அப்பனே என்று வேண்டிக்கொண்டே வாலைப் பார்த்தாள். ஆண்!

"கையை இறக்கலாமா?"

"இறக்குங்கோ மாமா, மெதுவா," என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மறுநாள் காலை விசிறி சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பாயசப் பிசுக்கைக் கழுவி, வால்நுனியை வெட்டி, காரக் கரைசலில் காய்ச்சி, கிளிசரினில் இட்டு நுண்ணோக்கியில் குனிந்தாள். ஒன்று. இரண்டு. அப்புறம், அவள் வரைந்த அதே வளைவோடு, மூன்று. எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி ஆடிவிட்டாள். ஜம்புநாதன் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல் போனார்.

சாயங்காலம், பூச்சியைக் குத்திய ஊசியோடு மியூசியத்தில் சேர்க்கப்போகும் விவரச் சீட்டின் நகலை வைத்தீஸ்வரனிடம் காட்டினாள். சேகரித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"இது காலகாலத்துக்கும் இருக்குமா?"

"மியூசியம் இருக்கறவரைக்கும் இருக்கும் மாமா."

"சேகரித்த முறை, பாயசம்னு போட்டிருக்கே."

"பொய் எழுதக்கூடாதே."

சீட்டைத் திருப்பித் தந்தார். பிறகு உள்ளே போய், கழற்றிய பல்பை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

"மாடியில இதை மாட்டு. எனக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொண்டா. நேத்திக்கு ஒரு வாய்கூட சாப்பிட விடலை நீ."