இடக்கண்ணில் நிற்பவள்

படையல் சேலையை மடியில் வைத்துக்கொண்டு தனபாக்கியம் எதிரே பார்த்தாள். இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி பெரியவள். அவள் தோளை ஒட்டி, அதே மூக்கும் முழியுமாக, ஒரு சுற்று சின்னவள். வந்து நின்றதென்னவோ மகள் அமிர்தவள்ளி ஒருத்திதான்.

ஜட்காவும் ரயிலுமாக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வலக்கண்ணில் புரை எடுத்ததிலிருந்து இந்தக் கூத்து. புரையோடு கண்ணுக்குள் இருந்த வில்லையும் போய்விட்டதால், அந்தப் பக்கம் சோடாபுட்டிக் கண்ணாடி. "அதுல எல்லாம் பெரிசாத் தெரியும், இடக்கண்ணுல பழையபடி தெரியும். ரெண்டும் ஒண்ணு சேராது. இடப்பக்கம் கறுப்புக் காகிதம் ஒட்டிக்கம்மா" என்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொல்லி அனுப்பினார். தறிக்காரிக்கு ஓர் இழை இரண்டாகத் தெரிந்தால் பிழைப்பு நடக்குமா? அது தனபாக்கியத்துக்கும் தெரியும். ஆனாலும் ஒட்டவில்லை.

அமிர்தவள்ளியோடு இரட்டையாய்ப் பிறந்தவள் சுந்தரி. பிறக்கும்போதே ஒரு சுற்று சின்னவள். சிறுமியாக இருக்கும்போதே வாந்திபேதியில் போய்விட்டாள். மண்ணில் போட்ட பெண் வளர்ந்து வந்து நிற்கும்போது, காகிதத்தை ஒட்டி அவளை மறுபடியும் புதைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? தனபாக்கியம் சோறு போட்டாலும் பேசினாலும் சின்னவள் முகத்தைப் பார்த்தேதான்.

நாளைக்கு அமிர்தவள்ளிக்குக் கல்யாணம். குடியாத்தத்தில் அவர்கள் வீட்டு வழக்கப்படி, கன்னியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்னும் வீட்டுத் தெய்வமாக நினைத்து முதல் நாள் புதுத்துணி படைக்க வேண்டும். சின்னப் பெண்ணுக்குப் பாவாடை போதும் என்றார்கள். தனபாக்கியம் முழுச்சேலையாகவே வாங்கியிருந்தாள்.

அமிர்தவள்ளி தறிப் பாவு நூலுக்குப் போடும் கஞ்சிப்பசையும் கறுப்புக் காகிதமுமாகக் குனிந்தாள்.

"கண்ணாடியக் குடும்மா, ஒட்டிடறேன்."

"நாளைக்கி ஒரு நாள் இருந்துட்டுப் போவட்டும்டி. தாலி கட்டறத அவளும் பாக்கட்டும்."

"எங்கிட்டப் பேசறப்பல்லாம் எனக்குப் பக்கத்துல பாக்கற. நாளைக்காவது என்னப் பாக்கமாட்டியா?" குரல் உடைந்துவிட்டது.

உயிரோடு இருக்கிறவளை அழவிட்டுவிட்டோமே என்றிருந்தது தனபாக்கியத்துக்கு. சரி, கொடுத்துவிடலாம். அதற்குமுன் ஒரே ஒரு தடவை சின்னவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு. இதுவரை பயத்தில் தொட்டதே இல்லை. காற்றுதான் என்று தெரிந்தே கையை நீட்டினாள்.

கன்னம் பட்டது. சூடாக, ஈரமாக இருந்தது.

"நான்தாம்மா."

தனபாக்கியம் கையை எடுக்கவில்லை. இவள் அமிர்தவள்ளி என்றால், இத்தனை நாளும் ஏறெடுத்துப் பார்க்காமல் ஒதுக்கிய அந்தப் பெரியவள் யார்? மெல்ல முகத்தைத் திருப்பினாள். ஒரு முழம் தள்ளிப் பெரியவளும் அழுதுகொண்டிருந்தாள். அவள் கன்னத்தையும் ஒரு கை தாங்கியிருந்தது, தனபாக்கியத்தின் கையைவிடப் பெரிய கை.