வலிக்காத வார்

அக்கார்டியன் வாசிப்பவர்களின் இடது கை படும் பாடு கேட்பவர்களுக்குத் தெரியாது. பெட்டியின் இடப்பக்கம் ஒரு தோல்வார் உண்டு. அதற்குள் கையை நுழைத்துத்தான் துருத்தியை இழுக்க வேண்டும், தள்ள வேண்டும்; அதே கையின் விரல்கள் கண்ணுக்குத் தெரியாத பொத்தான்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். நடனப் பள்ளியில் பிள்ளைகள் ஆட வாசித்து வாசித்து, ஒரு தையல்காரரின் மனைவிக்கு மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. டாக்டர் மருந்து கொடுத்து, நாள் குறித்து மறுபடி வரச் சொன்னார். கை சரியாகாவிட்டால் பாட்டை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்கிறோம் என்று பள்ளியில் நாசூக்காகச் சொல்லிவிட்டார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை.

அவர் கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவர். கண்டவர் முதுகையெல்லாம் சொகுசாகச் சாய வைக்கிற மனுஷன், கட்டினவள் கையை அப்படியே விட்டுவிடுவாரா? வாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். அகலமாகத் தைத்தார், கை வழுக்கியது. ஸ்பாஞ்சு வைத்தார்; விரல் பொத்தானுக்கு எட்டவில்லை. அடுத்ததில் கட்டைவிரல் அடியில் வளைத்து வெட்டி, உள்பக்கம் மென்தோல் கொடுத்தார். தோள்வார் இரண்டையும் முதுகில் ஒரு குறுக்குப் பட்டையால் பிணைத்துப் பாரத்தைக் குறைத்தார். அவளும் சளைக்காமல் மாட்டிப் பார்த்து, இங்கே அழுத்துகிறது, அங்கே உரசுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒரு நாள் காலையில், வலி இல்லை என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் மருந்தில் ஆகாதது ஒரு முழம் தோலில் ஆயிற்று என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். மைத்துனரை உட்கார வைத்து வாரின் பெருமையை அளந்ததில், அந்த மனுஷன் வந்த வேலையை மறந்து ஆளை விட்டால் போதும் என்று ஓடினார். மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள் வந்தபோது, வலியே இல்லை, அப்புறம் எதற்கு என்று கேட்டவரும் இவர்தான். அவள் டாக்டர் சீட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். அவள் வாசிப்பு அங்கங்கே பிசகியது அவர் காதில் விழாமல் இல்லை. புது வார், பழகிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு பாட்டை முழுதாக வாசித்துவிட்டு அவள் கையை வெளியே எடுத்தாள். புறங்கையெல்லாம் ரத்தம். அவர் வாரைப் புரட்டிப் பார்த்தார். மென்தோலைத் துளைத்துக்கொண்டு ஊசி முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. தைக்கும்போது ஒடிந்தது, தரையில் எங்காவது விழுந்திருக்கும் என்று தேடாமல் விட்டிருந்தார். எந்தத் தையல்காரரும் செய்யக்கூடாத தப்பு. பதறிப்போய், தெரியாமல் நடந்துவிட்டது என்று அவள் கையைப் பிடித்தார். எது நடந்துவிட்டது என்று கேட்டாள் அவள். பிறகுதான் குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த ஊசி குத்தியிருக்கும்.

"உனக்குத் தெரியவே இல்லையா?"

"வலி போயிடுச்சுன்னு நான் பொய் சொல்லலைங்க. வலியோட சேர்ந்து எல்லாமே போயிடுச்சு. தொட்டாக்கூடத் தெரியலை. நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க, எப்படிச் சொல்றது?"

அவள் கை செத்துக்கொண்டிருந்ததை அவர் ஊரெல்லாம் சொல்லிக் கொண்டாடியிருக்கிறார்.

மறுநாள் டாக்டர் நரம்பைச் சோதித்துவிட்டு, சொன்ன நாளில் வந்திருக்கலாமே என்றார். உணர்வு திரும்புமா என்று கேட்டதற்கு, மேசையைப் பார்த்துக்கொண்டே, சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அக்கார்டியனை மடியில் தூக்கி வைத்து, இடது கையை, ஊசி எடுத்திருந்த வாருக்குள் நுழைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"நல்லா இறுக்குங்க. வலிக்கிற வரைக்கும் இறுக்குங்க."

அவர் பக்கிளைப் பிடித்தார். கண்ணீர் மறைத்ததில் துளை எது, ஊக்கு எது என்று தெரியவில்லை.

"போதுங்க, வலிக்குது" என்றாள் அவள்.

அவர் இன்னும் இழுக்கவே இல்லை.