கோணல் போல்ட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். வராதா பின்னே? பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றே "ஓடிப்போனவன் மகள்" என்று பட்டம் கட்டினார்கள். இன்று ஐம்பது டன் கிரேன் ஓட்டுகிறேன். பட்டம் மட்டும் இறங்கவில்லை.

எங்கள் கடற்கரையில் கான்கிரீட்டால் கட்டிய பீரங்கித் தளம் ஒன்று இருக்கிறது. ஆளுயரச் சுவர், குண்டு அடுக்க நிலவறை, நடுவில் கான்கிரீட்டில் வட்டமாகப் பதித்த பன்னிரண்டு போல்ட். அதன் மேல் நின்ற பீரங்கியைக் குறிபார்த்துத் திருப்புவதுதான் அப்பாவின் வேலை. போரின் கடைசி நாள் ஒரு கப்பல் வந்தது. பீரங்கி சுடவில்லை. அப்பா கப்பலைக் கண்டதும் பயந்து ஓடிவிட்டார் என்பது ஊர்ப்பேச்சு.

அப்பா சொல்வது வேறு. "கப்பல் மேல்தட்டு முழுக்கப் பொம்பளைங்க, கொழந்தைங்க. சுடுன்னாங்க. நான் குழலைக் கரைப்பக்கம் திருப்பிட்டு, பல்சக்கரத்துல கடப்பாரையைச் சொருகிட்டேன்."

யார் நம்பினார்கள்? அன்று ஊர்சனம் மலைப்பக்கம் ஒதுங்கியிருந்தது. அவர்கள் திரும்புவதற்குள் பீரங்கியைக் கழற்றித் தலைநகர்ப் பூங்காவில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கடப்பாரையை யாரோ உருவிவிட்டார்கள். நசுங்கிய பற்சக்கரம் துருப்பிடித்துக் குழல் பீரங்கியின் அடித்தட்டோடு அப்படியே இறுகிப்போனது. எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்று சொல்ல ஊரில் ஒரு சாட்சி இல்லை.

அந்தப் பீரங்கி இன்று காலை லாரியில் திரும்பி வந்தது! பழைய இடத்தில் தூக்கி வைக்கிற வேலையை நான்தான் சண்டைபோட்டு வாங்கினேன். அப்பா வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். தம்பி அவரை ஏறக்குறைய தூக்கிக்கொண்டு வந்து, கடைசி வரிசையில் குடையோடு உட்காரவைத்தான். கரைப்பக்கம் நாற்காலிகள். முன்வரிசை நடுவில் நகரசபைத் தலைவர்.

"குழல் கடலைப் பாக்கணும்மா. போட்டோவுக்கு அதான் எடுப்பு," என்றார் தலைவர்.

தூக்கினேன். கீழே நின்று தம்பி கை காட்டினான். "மெதுவா, அக்கா... இன்னும் மெதுவா... நிறுத்து! நிறுத்து!"

உட்காரவில்லை. பதினொரு போல்ட் அடித்தட்டின் ஓட்டைக்கு நேராக நின்றது. ஒன்று மட்டும் தட்டியது. கான்கிரீட் ஈரமாக இருந்தபோதே சாய்ந்துபோன போல்ட் அது.

தலைவர் துள்ளினார். "அந்தக் கோணலை வெட்டி எறிங்கப்பா!"

வெல்டிங்கார அண்ணன் கேஸ் கட்டரைப் பற்றவைத்துவிட்டார். அதற்குள் அடித்தட்டுக்குப் பக்கவாட்டில் குனிந்து பார்த்த தம்பி கத்தினான்: "அக்கா! அந்தப் பக்கம் ஒரு ஓட்டை மட்டும் நீளமா இருக்கு! அரத்தால ராவியிருக்காங்க!"

கோணல் போல்ட்டுக்காகவே அன்று ராவிய ஓட்டை! அப்படியானால் இந்தப் பீரங்கி இந்த வட்டத்தில் ஒரே ஒரு மாதிரிதான் உட்காரும்; இறுகிய குழலும் அன்று பார்த்த பக்கத்தையே பார்க்கும். அந்தப் போல்ட்டை வெட்டிவிட்டால் எந்தப் பக்கமும் உட்காரும். அப்பாவின் பேச்சும் அதோடு போச்சு.

ஹாரனை அழுத்தினேன், கையை எடுக்கவே இல்லை. "அண்ணே! அந்தப் போல்ட்டுல கை வச்சீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்!"

அண்ணன் கட்டரை அணைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றார். என்னைத் தெரிந்தவர்.

"எங்கம்மா வைக்கப்போற?" தலைவர் கத்தினார்.

"அது எங்க உக்காருதோ அங்க!"

தம்பி கயிற்றைப் பிடித்து இழுத்தான். பீரங்கி அந்தரத்தில் திரும்பியது. குழல் கடலைத் தாண்டியது, பாறையைத் தாண்டியது, சாலையைத் தாண்டியது. நீள ஓட்டை கோணல் போல்ட்டுக்கு நேராக வந்தது.

"இறக்கு, அக்கா! இறக்கு, இறக்கு!"

ணங்! பன்னிரண்டும் உள்ளே. வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. குழல் கரையைப் பார்த்து, முன்வரிசைக்கு நேரே நின்றது.

ஒவ்வொரு தலையாகக் கடைசி வரிசைப் பக்கம் திரும்பியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கியது. தம்பி மண்டியிட்டு அந்தப் போல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

தலைவர் மட்டும் குழலின் வாயைப் பார்த்தபடி, நாற்காலி கவிழ எழுந்து பின்னால் நகர்ந்தார்.

அப்பா குடையை ஊன்றி மெல்ல நடந்து முன்னால் வந்தார். கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தார்.

"உக்காருங்க தலைவரே," என்றார். "அன்னைக்கே சுடலை."