ஆயில் கூலரும் எங்கள் வீட்டு நிபுணரும்

என் கணவர் ஒரு நட்டைக் கழற்றினால் அதை நாலு பேர் பார்க்க வேண்டும். யாரும் பார்க்காத நட்டை அவர் கழற்றியதாகச் சரித்திரமே இல்லை. இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் மேலாளர் வேலை. வீட்டுக்கு வந்தால் தூங்கும்வரை கார் ரிப்பேர் வீடியோ. இரவு கேட்டதை மறுநாள் அலுவலகத்தில் அளந்து அளந்து, அங்கே அவருக்கு நிபுணர் என்று பெயர். வீட்டில் நானும் அதே பெயரால்தான் அவரைக் குறிப்பிடுகிறேன். தொனி மட்டும் வேறு.

கார் என்னுடையது. நான் பல் டாக்டர். அடுத்தவர் வாய்க்குள் குனிந்து குனிந்து கழுத்துவலி வாங்கிச் சேர்த்த காசில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே சீட். வாசலில் நிறுத்தி அழகு பார்க்க வாங்கவில்லை, பந்தயத் தடத்தில் ஓட்ட வாங்கினேன். பந்தயத்தில் இறங்க உரிமம் வேண்டும். உரிமத்துக்கு, பரிசோதகர் பார்த்துக்கொண்டிருக்க இருபது நிமிடம் அவர் சொன்ன வேகத்துக்குக் குறையாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் பாதியிலேயே என்ஜின் ஆயில் சூடேறி, வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. மூன்றாவதும் தவறினால் மறுபடி விண்ணப்பிக்கவே இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவளுக்கு அந்த இரண்டு வருடம் கொஞ்சமில்லை.

அதற்காகத்தான் ஆயில் கூலர். சூடான ஆயிலை என்ஜினிலிருந்து ஒரு குழாய் வழியாக வெளியே கொண்டுபோய், வண்டியின் மூக்கில் காற்று அடிக்கும் இடத்தில் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் ஓடவிட்டு, ஆறிய பிறகு இன்னொரு குழாய் வழியாகத் திருப்பி அனுப்புகிற சாமான். என் வண்டியில் கம்பெனி அதைப் போட்டுத் தரவில்லை, நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். என் தம்பி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். நல்லதாகப் பார்த்து ஒன்று கொண்டுவந்தான். இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் கராஜிலேயே மாட்டுவது என்று முடிவானது. அந்த முடிவை எடுக்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை.

பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றியது நிபுணர். அந்த இடத்தில் குழாய்கள் சேரும் தட்டைப் பொருத்தியது தம்பி. ஃபில்டரின் பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. அவன் துடைத்திருப்பான் என்று இவர், மாமா துடைத்திருப்பார் என்று அவன். பழைய வளையத்தின் மேல் புது வளையம் உட்கார்ந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஆயில் பீய்ச்சியடித்துத் தரையெல்லாம் குளமாயிற்று. யார் தப்பு என்று அவர்கள் பேசி முடிப்பதற்குள் நான் தரையைத் துடைத்தே முடித்துவிட்டேன்.

எப்படியோ வேலை முடிந்தது. கூலர் முன் கிரில்லின் ஓட்டைகள் வழியாகப் பளபளவென்று தெரிந்தது. தெரிய வேண்டும் என்பதுதான் நிபுணரின் ஒரே நிபந்தனை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், எதிர் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார், முகவரி கேட்டு வந்த கூரியர்காரரையும் விடவில்லை. பிறகு, பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று வாரம் ஒரு தடவை வண்டியை வெளியே எடுப்பதாக என்னிடம் சொன்னார். டேங்க் காலியாகிற வேகத்தைப் பார்த்தபோதுதான், பேட்டரியும் பெட்ரோல் குடிக்கும் என்று எனக்குத் தெரிந்தது. தினமும் அலுவலகத்துக்கு எடுத்துப்போய்ப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். போகட்டும் என்று விட்டேன். அந்தச் சமயத்தில்தான் என் புது ஹெல்மெட் வந்த அட்டைப்பெட்டி காணாமல் போனது. ஹெல்மெட்டைத் தூசி படாமல் வைக்க அதை எடுத்து வைத்திருந்தேன். கேட்டதற்கு, குப்பைக்குப் போயிருக்கும் என்றார்.

பரிசோதனைக்கு முன்னால் பயிற்சிக்குப் போனோம். சில சுற்றுகளிலேயே ஆயில் சூடு பழையபடி ஏறியது. கூலர் இருந்தும் இல்லாத கதைதான். நான் வண்டியை ஓரங்கட்டி இறங்கியபோது நிபுணர் கையில் ஸ்டாப்வாட்சோடு வந்து தீர்ப்புச் சொன்னார்.

“வண்டியில ஒண்ணும் இல்ல. நீ கியர் மாத்துற விதம் அப்படி. என்ஜின போட்டுக் கதற விடுற.”

கூடவே, ஆயில் சூடானதும் கூலருக்கு வழி திறந்துவிட வேண்டிய, தம்பி கொடுத்த தெர்மோஸ்டாட் போலியாக இருக்கலாம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். அந்த வார்த்தையை அம்மா வீட்டிலும் போய் எல்லோர் முன்னாலும் சொன்னார். தம்பி முகம் செத்துப்போனது. அன்றிலிருந்து இருவருக்கும் நேர்ப் பேச்சு கிடையாது. மாமாவிடம் சொல்லிவிடு, மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல் என்று நான் நடுவில் தபால்காரி ஆனேன்.

தம்பியையும் சும்மா விடுவதற்கில்லை. மானம் போய்விட்டதே என்று, தான் விற்ற சாமானையே திரும்பத் திரும்ப நோண்டினான். தெர்மோஸ்டாட்டை மாற்றினான். குழாய்களைக் கழற்றி அடைப்புப் பார்த்தான். உள்ளே காற்று சிக்கியிருக்கும் என்று ஆயிலை இறக்கி மறுபடி நிரப்பினான். எல்லாம் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டே. முன்னால் வந்து மண்டிபோட்டு ஒரு பார்வை பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. நிபுணர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீயை உறிஞ்சிக்கொண்டு, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கியர் விஷயத்தை நானும் நம்பத் தொடங்கியிருந்தேன், அதுதான் கொடுமை. க்ளினிக்கில் ஒருவருக்குப் பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போது, ட்ரில்லின் கால் மிதியில் என் கால் க்ளட்ச் பழகிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் பயந்துபோய் என் கையைப் பிடித்துவிட்டார். அன்று எனக்கு அழுகை வந்தது.

பரிசோதனை நாள் வந்தது. காரில் இரண்டே சீட் என்பதால் தம்பியைப் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டார் நிபுணர். கடையை அடைத்துவிட்டு, கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான். ஓட்டத்துக்கு முன் சில சுற்றுகள் வண்டியைச் சூடேற்றிக்கொள்ள அனுமதி உண்டு. போனேன். ஆயில் சூட்டைக் காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. இந்த லட்சணத்தில் இருபது நிமிடம் தாங்காது என்று தெரிந்ததும் திரும்பி வந்து பானெட்டைத் திறந்தேன்.

இருவரும் ஆளுக்கொரு காரணத்தை என்னிடம் சொல்லத் தொடங்கினார்கள். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காததால் இருவரும் ஒரே நேரத்தில் பேச முடிந்தது. நான் காதில் வாங்காமல், கையுறையோடு கூலருக்குப் போகும் குழாயைத் தொட்டேன். சுட்டது. திரும்பி வரும் குழாயைத் தொட்டேன். அதே அளவு சுட்டது. அப்படியென்றால் ஆயில் ஒழுங்காகப் போய்வருகிறது. போன சூட்டோடேயே வருகிறது, அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் மேல் குற்றமில்லை, குழாய் மேல் குற்றமில்லை, என் கியர் மேலும் குற்றமில்லை. கூலருக்குக் காற்று படவில்லை.

முன்னால் போய் மண்டிபோட்டேன். கிரில்லுக்குப் பின்னால், கூலர் பளபளத்த இடத்தில், எல்லாம் ஒரே கறுப்பு. என் கைப்பையில் சீப்பு இருக்குமோ இருக்காதோ, பல் பார்க்கிற கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கும். அதை ஓட்டை வழியாக உள்ளே விட்டுத் திருப்பினேன். அடைத்த பல்லில் நான் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான். இங்கேயும் ஓரம்தான் காட்டிக்கொடுத்தது. கறுப்புக்குப் பக்கவாட்டில் மெலிதாக ஒரு பழுப்புக் கோடு. முகப்புக்குப் பெயிண்ட் அடித்தவர் ஓரத்துக்கு அடிக்க மறந்திருந்தார்.

தம்பியிடம் கட்டரை வாங்கி, கீழேயிருந்து கையை விட்டு, பிளாஸ்டிக் கட்டுகளை வெட்டி இழுத்தேன். கூலரை முழுசாக மூடும்படி அளவெடுத்து வெட்டிய அட்டை ஒன்று வந்தது. முன்பக்கம் கறுப்புப் பெயிண்ட். பின்பக்கம் திருப்பினால், ஒரு ஹெல்மெட் படம். கீழே என் தலையின் அளவு அச்சடித்திருந்தது.

மூவருமே அதைப் பார்த்தோம். நிபுணர், ஊருக்குள் ஓட்டும்போது கூலரால் ஆயில் போதுமான சூட்டுக்கு வருவதில்லை, அது என்ஜினுக்குக் கெடுதல் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள் என்று ஆரம்பித்தார். கூலரைக் காட்ட வேண்டியவர்களுக்கெல்லாம் காட்டி முடித்திருந்தாராம், வெறும் அட்டை அசிங்கமாகத் தெரிந்ததால் பெயிண்ட் அடித்தாராம். சரி, பயிற்சிக்கு வந்தபோது ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். மறந்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். அவருக்கு அதற்குக்கூடச் சாமர்த்தியம் போதவில்லை.

“ஞாபகம் இருந்துச்சு. ஆனா நீ என்ன, கூலர் வேணுங்கிற அளவுக்கா ஓட்டப்போறேன்னு…” என்றார்.

தம்பி பல நாளுக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினான். “ரெண்டு வாரமா வண்டிய பிரிச்சுப் பிரிச்சு மாட்டுனேன், மாமா. பாத்துக்கிட்டே உக்காந்திருந்தீங்க.”

மச்சினனைப் போலி வியாபாரி என்று ஊர் முன்னால் சொன்ன பிறகு, அட்டையை எடுத்தால் தன் முகத்தில் கரி. அதனால் அவன் மானமும் போகட்டும், என் உரிமமும் போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் வாரைக்கூட மாட்டாமல் ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்தேன். தம்பிதான் மாட்டிவிட்டான். பரிசோதகர் என் பெயரைக் கூப்பிட்டார்.

ஓட்டினேன். முள் ஏறியது, நின்றது, அப்புறம் நகரவே இல்லை. முதல் சில சுற்றுகள் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பார்க்க மறந்துபோனேன். வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, நான் கியரை மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றினேன், என்ஜின் எங்கேயும் கதறவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. நேரம் முடிந்து கொடி காட்டியபோது, அதற்குள்ளேயா என்றிருந்தது.

பரிசோதகர் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூலர் யார் மாட்டியது, நன்றாக வேலை செய்கிறதே என்று கேட்டார். நிபுணர் தொண்டையைச் செருமினார். நான் அவரைப் பார்த்தேன். செருமலோடு நிறுத்திக்கொண்டார்.

தடத்தில் நான் ஓட்டினாலும் வீட்டுக்கு ஓட்டிப்போவது எப்போதும் அவர்தான். நீ களைத்திருப்பாய் என்பார். அன்றைக்கும் காருக்குப் பக்கத்தில் வந்ததும், ஒன்றுமே நடக்காத மாதிரி, சாவிக்குக் கையை நீட்டினார். நீட்டிய கையில் அட்டையை வைத்தேன்.

“நீங்க பஸ்ல வாங்க,” என்றேன். “வெக்கையா இருந்தா இதால விசிறிக்கலாம்.”

தம்பி கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.